ஹெஷாங், ஃபாஷி, ஷிஃபு: சீனத் துறவிகளைச் சுற்றியுள்ள சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனம் படிக்கும் நண்பர்களும், சிங்கப்பூர், மலேசியாவில் சீனக் கோயில்களுக்குப் போய்வருபவர்களும், குங்ஃபூ படம் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு வருபவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உச்சரிப்பு ஏறக்குறையத்தான் வரும். மாண்டரினின் நான்கு தொனிகளைக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லை.

பௌத்தத் துறவிக்குச் சீனத்தில் என்ன சொல்?

ஒரு சொல்லோடு முடியாது. தெருப்பேச்சில் 'ஹெஷாங்'. செய்தித்தாளில் 'செங்ரென்'. துறவிகளுக்கான விதிகளைச் சொல்லும் வினய நூல்களில் 'பிச்சியூ', அதாவது நம் பிக்கு. நேரில் நின்று பேசும்போது இவை மூன்றும் வேண்டாம்; 'ஃபாஷி' அல்லது 'ஷிஃபு' என்று அழைக்க வேண்டும். ஒருவரைப் பற்றிப் பேசும் சொல் வேறு, அவரையே கூப்பிடும் சொல் வேறு. ஊரில் அர்ச்சகரைப் பற்றி வீட்டில் 'பூசாரி' என்று பேசினாலும், எதிரே நிற்கும்போது 'சாமி' என்றுதானே கூப்பிடுகிறோம்? அதே கதைதான்.

'ஹெஷாங்' என்று கூப்பிட்டால் தப்பா?

தப்புதான், அதை நானே செய்திருக்கிறேன். சீனம் படிக்க ஆரம்பித்த புதிதில், ஒரு மடத்து முற்றத்தில் பெருக்கிக்கொண்டிருந்த வயதான துறவியிடம் பாடப்புத்தகச் சீனத்தில் "ஹெஷாங், வணக்கம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பெண்மணிதான் பதறிப்போய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஓய், மொட்டை" என்று கூப்பிட்ட மாதிரி இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகம் மிக உயர்ந்தது. சமஸ்கிருத 'உபாத்யாய' மத்திய ஆசியாவின் பௌத்த நாடுகள் வழியாகத் தேய்ந்து தேய்ந்து சீனத்துக்குள் நுழைந்தபோது 'ஹெஷாங்' ஆனது. அதே 'உபாத்யாய' நம்மூரில் தேய்ந்து 'வாத்தியார்' ஆனது. ஆக, ஹெஷாங்கும் வாத்தியாரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

மடத்துக்குள்ளே இன்றும் அந்தப் பழைய மரியாதை இருக்கிறது. தீட்சை தரும் குருவையும் மடாதிபதியையும் மட்டும் அங்கே 'ஹெஷாங்' என்பார்கள். ஒரே சொல் உள்ளே ஏறியிருக்கிறது, வெளியே இறங்கியிருக்கிறது. வெளியாட்களான நாம் ஃபாஷி என்று சொல்லிவிட்டுப் போவதுதான் பாதுகாப்பு. 'ஃபா' என்றால் தர்மம், 'ஷி' என்றால் ஆசான்.

டாக்சி ஓட்டுநரையும் 'ஷிஃபு' என்கிறார்களே?

ஒலி ஒன்று, எழுத்து வேறு. இரண்டிலும் முதல் எழுத்து 'ஆசான்'. துறவியை அழைக்கும் ஷிஃபுவில் இரண்டாவது எழுத்து 'தந்தை'. ஓட்டுநர், சமையல்காரர், குழாய் பழுதுபார்ப்பவர் ஆகியோருக்கான ஷிஃபுவில் இரண்டாவது எழுத்து 'பயிற்றுவிப்பவர்'. பேச்சில் வித்தியாசம் தெரியாது, குறுஞ்செய்தி அனுப்பும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

பெண் துறவிகளுக்கு?

படங்களில் கேட்கும் சொல் 'நிகூ'. பிக்குணி என்பதைச் சீனர்கள் 'பிச்சியூநி' என்று ஒலிபெயர்த்தார்கள். அதன் கடைசி அசையான 'நி' வெறும் பெண்பால் விகுதிதான். அதைத் தனியே வெட்டி எடுத்து, அப்பாவின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் 'கூ'வை ஒட்டவைத்தார்கள். 'நிகூ' கிட்டத்தட்ட 'ணி அத்தை'! கேட்க அன்பாக இருந்தாலும் நேரில் சொன்னால் மரியாதைக் குறைவு. அவர்களையும் ஃபாஷி, ஷிஃபு என்றே அழைக்க வேண்டும். ஷிஃபுவில் தந்தை இருக்கிறாரே என்று யோசிக்க வேண்டாம், அங்கே யாரும் யோசிப்பதில்லை.

பிக்குணி மரபு சீனத்தில் வேரூன்றியதில் இலங்கைக்குப் பங்கு உண்டு. முழுத் தீட்சை தர மூத்த பிக்குணிகள் பத்துப் பேராவது வேண்டும். 429-இல் இலங்கையிலிருந்து கப்பலில் இன்றைய நான்ஜிங்குக்கு வந்த பிக்குணிகள் எண்ணிக்கையில் போதவில்லை. 433-இல் இன்னொரு குழு வந்த பிறகுதான் முறைப்படி தீட்சை நடந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் பெற்றார்கள். பிற்காலத்தில் இலங்கையில் பிக்குணி மரபு அற்றுப்போனது. 1998-இல் புத்தகயாவில் தைவானின் ஃபோகுவாங்ஷான் மடம் நடத்திய தீட்சையில் இலங்கைப் பெண்களும் பிக்குணிகளானார்கள். கொடுத்த கடன் ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

தமிழ்ச் சொற்களோடு உறவுள்ள சொற்கள் வேறு உண்டா?

நிறைய. எனக்கு இந்தத் துறையில் ஆசை வந்ததே இதனால்தான்.

துறவியின் திருவோட்டுக்கு 'போ' என்று பெயர். முழுச்சொல் 'போதுவோலுவோ'. வேறொன்றும் இல்லை, பாத்திரம்! மணிமேகலை கையில் இருந்த அமுதசுரபிக்கும் சீனத் துறவியின் ஓட்டுக்கும் ஒரே சொல். மேலங்கியும் ஓடும் சேர்ந்தால் 'யீபோ'. சான் (ஜப்பானியர் 'ஜென்' என்பது) மரபில் குரு தன் வாரிசுக்கு இவ்விரண்டையும் தருவார் என்பதால், இன்று ஒரு சமையற்கலைஞரின் அல்லது ஓபரா பாடகரின் கலை வாரிசைக்கூட 'யீபோ பெற்றவர்' என்கிறார்கள்.

அந்த மேலங்கி 'ஜியாஷா'. மூலம் 'காஷாய'. நம் காஷாயம், காவி உடை. பாட்டி காய்ச்சித் தரும் கஷாயமும் இதே வேர்தான். துவர்ப்புக்கும் செம்பழுப்புக்கும் சமஸ்கிருதத்தில் ஒரே சொல்.

'ஷாமென்' என்பது 'சிரமண'. அது தமிழில் 'சமணர்' ஆகி ஜைனர்களைக் குறிக்க நின்றுவிட்டது. சீனத்துக்குப் போனது பௌத்தத் துறவியைக் குறித்தது. ஒரே பெயர், இரண்டு மதங்கள். தமிழ் வழியாகச் சீனம் படிப்பவர்கள் இங்கே ஒருமுறையாவது குழம்புவார்கள்.

'செங்' என்பது சங்கம். ஆனால் கூட்டத்துக்கான பெயர் அங்கே தனி ஆளுக்கு வந்துவிட்டது. ஒற்றைத் துறவியும் 'செங்'தான். 'சான்' என்பது தியானம். அது ஜப்பானுக்குப் போய் 'ஜென்' ஆனது. நமோ என்பதை 'நாமோ' என்பார்கள். அதை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு இன்றைய வழக்கமான உச்சரிப்பு 'நான் வூ'. தெரியாத சீனப் பிள்ளைகளே அப்படிப் படித்துத் திட்டு வாங்குவதுண்டு.

'தா' என்பது ஸ்தூபம், அதாவது தூபி. இந்தச் சொல்லுக்கு மட்டும் அங்கே யோகம். உயரமான எதுவும் இப்போது 'தா'தான்: தண்ணீர்த் தொட்டிக் கோபுரமும் ஈஃபிள் கோபுரமும் உட்பட.

ஏன் இவற்றையெல்லாம் மொழிபெயர்க்காமல் ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்?

பலவற்றை மொழிபெயர்க்கத்தான் செய்தார்கள். ஃபாஷி மொழிபெயர்ப்பு. வீட்டைவிட்டு வெளியேறுதல் என்று பொருள்படும் 'சூஜியா'வும் அப்படித்தான். எதை விட்டுவைப்பது என்பதற்கு, 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சுவான்சாங் (நம் பாடப்புத்தக யுவான் சுவாங்) சொன்னதாக ஒரு விதி வழங்குகிறது. ஐந்து வகைச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம்: மந்திரம் போன்ற மறைபொருள் உள்ளவை, ஒரே சொல்லில் பல பொருள் தருபவை, சீனத்தில் இல்லாத பொருள்கள், முன்னோர் ஏற்கெனவே ஒலிபெயர்த்துப் பழகியவை, மொழிபெயர்த்தால் மதிப்புக் குறைபவை. மூன்றாவது வகைக்குக் காட்டும் உதாரணம் ஜம்பு மரம், நம் நாவல் மரம். ஐந்தாவதற்கு 'பிரக்ஞை'. அதை 'அறிவு' என்று சொன்னால் சப்பென்று போய்விடும் என்பது அவர்கள் கவலை. தமிழில் கலைச்சொல் ஆக்குபவர்களும் இந்த ஐந்தை ஒருமுறை படிக்கலாம்.

எல்லாத் துறவிகளின் பெயரும் 'ஷி' என்று ஏன் தொடங்குகிறது?

அது குடும்பப்பெயர். ஆரம்பத்தில் சீடர்கள் தங்கள் குருவின் நாட்டை ஒட்டிப் பெயர் வைத்தார்கள்; இந்திய குருவின் சீடர் 'ஜூ', பார்த்திய (பழைய ஈரான் பக்கத்து) குருவின் சீடர் 'ஆன்' என்று. 4ஆம் நூற்றாண்டில் தாவோஆன் (312–385) என்ற பெரியவர், எல்லாரும் புத்தரின் பிள்ளைகள்தானே, எல்லாருக்கும் சாக்கியமுனியின் முதல் அசை போதும் என்றார். சாக்கியமுனி சீனத்தில் 'ஷிஜியாமோநி'. அதிலிருந்து 'ஷி'. வியட்நாமியத் துறவிகளின் 'திக்' இதே எழுத்துதான். தேவாரம் பௌத்தர்களைச் 'சாக்கியர்' என்று ஏசும். சீனத் துறவிகளோ அதையே பெருமையாகப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்கள்.

துறவியாவதற்கான சொற்கள் என்ன? தலையில் புள்ளிகள் எதற்கு?

முதலில் 'சூஜியா', வீட்டைவிட்டு வருதல். பிறகு 'திது', தலைமழித்தல். அப்போது அவர் 'ஷாமி', பத்து விதிகளை ஏற்ற இளந்துறவி. இருபது வயது நிரம்பியபின் முழுத் தீட்சை, 'ஷோஜியே': ஆண்களுக்கு 250 விதிகள், பெண்களுக்கு 348. மனம் மாறித் திரும்பினால் 'ஹுவான்சு', அதாவது உலகியலுக்குத் திரும்புதல்.

தலையில் தூபத்தால் சுட்ட தழும்புகளுக்கு 'ஜியேபா' என்று பெயர். இந்தியாவில் இந்த வழக்கம் கிடையாது. சீனத்திலேயே யுவான் காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்தது. தாங் காலக் (7–10ஆம் நூற்றாண்டு) கதை என்று சொல்லிவிட்டு, ஷாவ்லின் துறவிக்குத் தலையில் ஒன்பது புள்ளி வைக்கும் படங்களை இனிமேல் நீங்களும் என்னைப் போல முணுமுணுத்துக்கொண்டே பார்க்கலாம். 1983-இல் சீன பௌத்த சங்கம் இந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. அதனால் இளந்துறவிகளின் தலையில் பெரும்பாலும் தழும்பு இருக்காது.

இன்னொரு சொல் 'துதியே', அரசு தரும் துறவுச் சான்றிதழ். இது இருந்தால் வரியும் கட்டாய உழைப்பும் இல்லை. விடுவார்களா? சோங் அரசு இதை விற்கவே தொடங்கிவிட்டது. பெயர் எழுதாத சான்றிதழ்கள் பணம்போலக் கைமாறின. ஹாங்ஜோவில் அதிகாரியாக இருந்த கவிஞர் சு ஷி, 1090-இல் மேற்கு ஏரியைத் தூர்வார அரசிடம் கேட்ட நிதியே துதியேதான்.

கோயிலுக்கு 'சி', 'மியாவ்', 'ஆன்' என்று பல சொற்கள் ஏன்?

பௌத்த மடம் 'சி'. மூலத்தில் அது அரசு அலுவலகம். மேற்கிலிருந்து வந்த முதல் துறவிகளை வெளிநாட்டு விருந்தினர் அலுவலகத்தில் தங்கவைத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பது மரபு. லோயாங்கின் வெண்குதிரை மடம், 'பாய்மா சி', 68-இல் எழுந்ததாகச் சொல்வார்கள். 'மியாவ்' என்றால் முன்னோர் அல்லது ஊர்த்தெய்வங்களின் கோயில். பேச்சில் எல்லாவற்றையும் மியாவ் என்று சொல்லிவிடுவார்கள். 'ஆன்' பெண் துறவியர் மடம். 'குவான்' என்று பார்த்தால் அது தாவோ மதத்தாருடையது.

பழைய நூல்களில் 'ச்சியேலான்' என்று வரும்; சங்காராமம், அதாவது பௌத்த மடம் என்பதன் தேய்வு. காஞ்சிபுரத்தை 'ஜியான்ஜிபுலுவோ' என்று எழுதிய சுவான்சாங், திராவிட நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ச்சியேலான்களும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட துறவிகளும் இருந்ததாகக் குறித்திருக்கிறார்.

மடத்தில் யார் யார் என்ன வேலை?

தலைவர் 'ஜூச்சி' அல்லது 'ஃபாங்ஜாங்'. ஃபாங்ஜாங்குக்கு நேர்ப்பொருள் 'ஒரு ஜாங் சதுரம்', சுமார் பத்தடிக்குப் பத்தடி. வைசாலியில் வாழ்ந்த விமலகீர்த்தி என்ற இல்லறத்தாரின் சிற்றறையில் 32,000 சிங்காதனங்கள் அடங்கின என்பது சூத்திரக் கதை. தாங் தூதர் வாங் சுவான்ச்சே அந்த இடத்துக்குப் போய்த் தன் கைப்பலகையால் அளந்து பார்த்தார், ஒரு ஜாங் சதுரம் வந்தது என்பார்கள். அறையின் அளவு மடாதிபதியின் அறைக்குப் பெயராகி, பிறகு ஆளுக்கே பெயரானது.

விருந்தினரைக் கவனிப்பவர் 'ஜிகே'. நீங்கள் போனால் முதலில் பார்க்க வேண்டியவர் இவர்தான். சமையல் பொறுப்பு 'தியான்சுவோ'. ஓதுதலையும் ஒழுங்கையும் நடத்துபவர் 'வெய்நா'. இந்தச் சொல்லில் முதல் பாதி சீனம், பின் பாதி 'கர்மதான' என்பதன் வால்.

ஊர் ஊராகச் செல்லும் துறவி ஒரு மடத்தில் தங்குவது 'குவாதான்'. 'குவா' என்றால் மாட்டுதல். தன் பெயர்ச்சீட்டு உள்ள இடத்தில் அங்கியையும் பையையும் மாட்டிவைப்பது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள். பூண்டு கூடாதாமே?

சைவ உணவு 'சு'. அசைவம் 'ஹுன்'. இந்த ஹுன் எழுத்தைப் பாருங்கள், தலையில் புல் பூண்டைக் குறிக்கும் உறுப்பு இருக்கும். இறைச்சிக்கு எதற்குப் புல்? ஏனென்றால் அது முதலில் இறைச்சியே இல்லை. வீச்சமுள்ள ஐந்து செடிப்பொருள்களைத்தான் ஹுன் என்றார்கள்: பூண்டு, வெங்காயம், அதன் உறவுகள், அப்புறம் 'சிங்ச்சு'. சிங்ச்சு என்பது ஹிங்கு, நம் பெருங்காயம்! சீனத் துறவியை வீட்டுக்கு அழைத்து, சின்ன வெங்காயம் போட்டுப் பெருங்காயம் தாளித்த சாம்பாரைச் 'சுத்த சைவம்' என்று பரிமாறினால், அவர் கணக்கில் அது இரண்டு முறை ஹுன்.

துறவிகள் இறைச்சியை முற்றிலும் விட்டதற்குப் பெரிய காரணம் லியாங் பேரரசர் வூ (ஆட்சி 502–549). மதுவையும் இறைச்சியையும் விடச்சொல்லித் துறவிகளுக்கே உத்தரவிட்டார்.

மடத்துச் சாப்பாடு 'குவோதாங்'. பேச்சே கிடையாது. இன்னும் சோறு வேண்டுமென்றால் கிண்ணத்தை விளிம்புப் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். நண்பகலுக்குப் பின் உண்ணக்கூடாது என்பது விதி. ஆனால் குளிரும் உழைப்பும் விடுமா? மாலையில் சாப்பிடுவதற்கு 'யாவ்ஷி', அதாவது மருந்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். பசி நோய்க்கு மருந்து. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

உழைப்பு என்றதும் பாய்ஜாங் (720–814) நினைவுக்கு வருவார். "ஒரு நாள் வேலை இல்லையென்றால் ஒரு நாள் சோறு இல்லை" என்றவர். முதுமையில் சீடர்கள் இரக்கப்பட்டு அவருடைய மண்வெட்டியை ஒளித்துவைக்க, மனிதர் சாப்பிட மறுத்துவிட்டாராம். திரும்பக் கொடுத்தார்கள்.

மரமீன் என்பது என்ன?

'முயு'. ஓதும்போது தாளத்துக்குத் தட்டும் உருண்டை மரம். மீன் கண்ணை மூடுவதே இல்லை, நீயும் தூங்காதே என்று பொருள். உண்மையான மீன் வடிவில் நீளமாகச் சாப்பாட்டுக்கூடத்தின் முன் தொங்குவது உணவுநேரம் அறிவிக்க. 2022 வாக்கில் கைப்பேசியில் தட்டும் முயு செயலிகள் சீன இளைஞர்களிடம் பரவின. ஒரு தட்டுக்கு 'புண்ணியம் கூட்டல் ஒன்று'.

துறவிகளை வைத்துப் பழமொழிகள் உண்டா?

உண்டு, பெரும்பாலும் கேலிதான்.

"துறவியாக இருக்கும் நாள் வரை மணியடி" என்பது ஏனோதானோ என்று வேலை பார்ப்பவருக்கு. "வெளியூர்த் துறவிதான் நன்றாக மந்திரம் ஓதுவார்": நம் "உள்ளூர் மாடு உள்ளூரில் விலைபோகாது" என்பதன் மறுபக்கம். "துறவி ஓடலாம், மடம் ஓடுமா?" என்பது கடன் கொடுத்தவர்கள் பேச்சு. "துறவிகள் பலர், கஞ்சி கொஞ்சம்" என்பதை வேலைவாய்ப்புச் செய்திகளில் இன்றும் பார்க்கலாம்.

இவற்றில் புகழ்பெற்றது "குடைபிடித்த துறவி". இது பாதி சொல்லி மீதியைக் கேட்பவரிடம் விட்டுவிடும் வகை. துறவிக்கு முடி இல்லை, குடைக்குக் கீழே வானம் தெரியாது: 'வூ ஃபா, வூ தியான்'. தலைமுடிக்கும் சட்டத்துக்கும் ஒலி ஒன்றுபோல இருப்பதால் 'சட்டமும் இல்லை, வானமும் இல்லை', அதாவது யாருக்கும் அடங்காதவன். 1970 டிசம்பரில் மாவோ இதை அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோவிடம் தன்னைப் பற்றிச் சொன்னார். சிலேடை மொழிபெயர்ப்பில் தொலைந்தது. "ஓட்டைக் குடையோடு உலகில் தனியே நடக்கும் துறவி" என்று ஸ்னோ எழுத, அடங்காத கிழவர் மேலைநாட்டு வாசகர்கள் கண்ணில் சோகமான தனிமைத் துறவி ஆகிவிட்டார். மொழிபெயர்ப்பு செய்யும் யாரும் இந்தக் கதையை மறக்கக்கூடாது.

படங்களில் துறவிகள் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள்?

'பின்செங்', ஏழைத் துறவி. வயதானவர் 'லாவ்நா', பழைய ஒட்டுத்துணி. எதிரே இருப்பவர் 'ஷிஜூ', கொடையாளி. இன்று நேரில் பேசும் துறவிகளிடம் இவற்றை எதிர்பார்க்க வேண்டாம், நாம் யாரும் "அடியேன்" என்று தேநீர் கேட்பதில்லையே.

போதிதர்மரை என்ன என்பார்கள்?

'புதிதாமோ', சுருக்கமாக 'தாமோ'. அவர் காஞ்சிபுரத்து இளவரசர் என்பது நம்மூரில் முடிந்துபோன வழக்கு. சீன ஆவணங்கள் அவ்வளவு ஒரே குரலில் பேசுவதில்லை. 547 வாக்கில் எழுதிய யாங் சுவான்ஜி அவரைப் பாரசீகர் என்கிறார். தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்பது வேறொரு மரபு. காஞ்சி என்பது அதற்கும் மேலே நாம் ஏறிய படி.

மடத்துக்குப் போனால் ஒரே ஒரு சொல் போதும் என்றால் எது?

'ஆமிதுவோஃபோ', அமிதாப புத்தர். கை கூப்பிக்கொண்டு சொல்லுங்கள்; கூப்புவதற்கு 'ஹெஷி' என்று பெயர், 'பத்தைச் சேர்த்தல்', பத்து விரல்கள். வணக்கமும் இதுதான், நன்றியும் இதுதான். யாரையாவது தெரியாமல் ஹெஷாங் என்று கூப்பிட்டுவிட்டால் மன்னிப்பும் இதுதான். அன்று அந்தப் பெரியவர் சிரித்து முடித்துவிட்டு என்னிடம் சொன்னதும் இது மட்டும்தான். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.